முனைகளை முட்டிப் பார்த்தல்

1989-ல் கோவில்பட்டியில் ஒரு ரேடியோ, டி.வி. பழுது பார்க்கும் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்தேன். டிப்ளமோ முடித்த கையோடு போய்ச் சேர்ந்தவன். சர்க்யூட் படத்தை விரித்தால் மின்சாரம் எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று விரல் வைத்துச் சொல்லிவிடுவேன். கடைக்கார அண்ணாச்சி எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். படத்தை அவர் அதிகம் பார்ப்பதில்லை. செட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். மோந்து பார்ப்பார். புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். பிறகுதான் திருப்புளியை எடுப்பார்.

அந்த வருடம் மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை, வாத்தியார் ஒருவர் வீட்டிலிருந்து கருப்பு வெள்ளை டி.வி. வந்தது. சத்தம் வருகிறது, படம் இல்லை, திரை முழு இருட்டு. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் போடுவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று வாத்தியாரின் மகள் கேட்டுக்கொண்டாள். நான் பிரித்தேன். இருட்டுத் திரைக்கு முதல் சந்தேகம் ஈ.எச்.டி. என்று நாங்கள் சொல்லும் உயர் அழுத்த டிரான்ஸ்ஃபார்மர்தான். அதைக் கழற்றி, மீட்டரை ஓம்ஸில் திருப்பி, காயிலின் இரண்டு கால்களிலும் முனைகளை வைத்தேன். ஊசி அசையவில்லை. காயில் உள்ளே அறுந்துவிட்டது என்று எழுதி வைத்தேன்.

மதுரைக்குப் போகிறவரிடம் சொல்லி மறுநாள் புதிது வந்தது. மாட்டுவதற்கு முன் அதையும் மீட்டரில் வைத்தேன். ஊசி அசையவில்லை. செத்த சாமானை விற்றுவிட்டார்கள் என்று கோபம். திருப்பி அனுப்பி இன்னொன்று வந்தது, புதன்கிழமை மாலை. அதிலும் ஊசி அசையவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கடை முழுச் சரக்கையுமே மட்டமாக வாங்கிப் போட்டிருக்கிறது என்ற முடிவுக்கு வந்திருந்தேன். இரண்டு புதிய காயில்கள், அடுத்தடுத்து, ஒரே மாதிரி செத்திருப்பதற்கு என்ன சாத்தியம் என்று கணக்குப் போடத் தெரிந்தவன்தான் நான். போடவில்லை.

வியாழக்கிழமை காலை அண்ணாச்சி என் பெஞ்சுக்கு வந்தார். மூன்று காயில்களையும் பார்த்தார். மீட்டரைக் கையில் எடுத்து, சிவப்பு முனையையும் கருப்பு முனையையும் ஒன்றோடொன்று முட்டினார். ஊசி அசையவில்லை. ஒயரை, முனையின் கழுத்துப் பக்கம் லேசாக வளைத்தார். ஊசி துள்ளி அந்தக் கோடிக்குப் போனது. கையை விட்டார், திரும்பி வந்து படுத்துக்கொண்டது. ரப்பர் உறை நன்றாகத்தான் இருந்தது. உள்ளே செம்பு இழைகள் ஒடிந்திருந்தன.

"மூணு காயிலும் செத்துப்போச்சுன்னு மீட்டர் சொல்லுது தம்பி. மீட்டர் உயிரோட இருக்கான்னு யார்ட்ட கேட்ட?"

அவர் திட்டவில்லை. உண்மையிலேயே பதில் வேண்டிக் கேட்டதுபோல இருந்தது. பிறகு போர்டைத் திருப்பி, அடிப்பக்கம் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, ஒரு பின்னைச் சுற்றி மயிரிழை போன்ற வட்டக் கீறலைக் காட்டினார். டிரை சால்டர். ஒரு சொட்டு ஈயம் வைத்தார். பழைய காயிலையே மாட்டினோம். திரை வெளுத்து, படம் வந்தது.

டிரை சால்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து டி.வி.களில் பாதி நோய் அதுதான். கனமான சாமான்கள் போர்டில் நிற்பது ஈயத்தின் பிடியில். செட் ஓடும்போது அவை சூடாகி விரிகின்றன, நிறுத்தியதும் சுருங்குகின்றன. தினம் இரண்டு முறை, வருடக்கணக்கில். ஒருநாள் பின்னைச் சுற்றி ஈயம் வட்டமாக விட்டுப்போகிறது. விட்டுப்போனாலும் ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். மேலே இருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது. டி.வி.யின் தலையில் ஒரு தட்டு தட்டினால் படம் வந்துவிடும். அப்போது எத்தனை வீடுகளில், எந்த இடத்தில், எவ்வளவு பலமாகத் தட்ட வேண்டும் என்பது ஒருவருக்கு மட்டுமே கைவந்த வித்தையாக இருந்தது! தட்டியவர்கள் பாமரத்தனமாக ஏதோ செய்ததாக நான் நினைத்ததுண்டு. அவர்கள் நோயின் இடத்தைக் கையால் அறிந்திருந்தார்கள். கீறலின் இரண்டு கரைகளும் அந்த அதிர்ச்சியில் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டன.

வாத்தியார் வெள்ளிக்கிழமை மதியம் வந்தார். என்ன கோளாறு என்று கேட்டார். ஈயம் விட்டிருந்தது என்றோம். "இவ்வளவுதானா?" என்றார்.

பிற்பாடு நான் மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் வேலைக்குப் போய், அதில் முப்பது வருடங்கள் இருந்தேன். அந்த முப்பது வருடங்களிலும் நான் அதிகம் கேட்ட வார்த்தை இவ்வளவுதானா. ராத்திரி இரண்டு மணி வரை இரண்டு பேர் ஒரு கருவியோடு மல்லுக்கட்டி, கடைசியில் சரியாக அமராத ஒரு கனெக்டரை அழுத்தி உட்கார வைத்தால், காலையில் வருகிறவர் சொல்வது அதுதான். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அந்த வார்த்தை, நடந்த தேடலை ஒரே வீச்சில் அழித்துவிடுகிறது. காரணம் சிறியது என்றால் அதைக் கண்டுபிடிப்பதும் சிறிய வேலையாகத்தான் இருந்திருக்கும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை என்பார்கள். எலி எந்த வளையில் இருக்கிறது என்று தெரியாதபோது மலையைத்தானே கெல்ல வேண்டியிருக்கிறது?

என்னை இத்தனை வருடங்களாகத் தொந்தரவு செய்வது வேறொன்று. காரணம் எளியது என்பது புரிகிறது. அது ஏன் எப்போதும் நம் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது? நான் காயிலைச் சந்தேகித்தேன், விற்ற கடையைச் சந்தேகித்தேன், மதுரையையே சந்தேகித்தேன். கையில் பிடித்திருந்த ஒயரைச் சந்தேகிக்கவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் அது எனக்கு ஒரு பொருளே இல்லை. அது என் விரலின் நீட்சி. ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடியவனைப் பழமொழி கேலி செய்கிறது. எனக்கு அந்தக் கேலி ஒட்டவில்லை. தன் தோள் தன் கண்ணில் படுகிற இடமா?

பெரிய ஆய்வகங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், பார்க்ஸ் என்ற ஊருக்கு வெளியே செம்மறி ஆடுகள் மேயும் வெளிக்கு நடுவில் 64 மீட்டர் விட்டமுள்ள ரேடியோ தொலைநோக்கி ஒன்று நிற்கிறது. 1961-ல் வேலையைத் தொடங்கியது. 1969-ல் நிலவில் மனிதர்கள் நடந்த காட்சியை வாங்கி உலகத்துக்குக் கொடுத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்தத் தொலைநோக்கி 2001-ல் பதிவுசெய்து வைத்திருந்த தரவுக்குள், 2007-ல் வானியலாளர் டங்கன் லோரிமரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு விநோதத்தைக் கண்டார்கள். சில மில்லிசெகண்டுகளே நீடித்த ரேடியோ வெடிப்பு. அதில் உயர்ந்த அதிர்வெண் முந்தியும் தாழ்ந்த அதிர்வெண் பிந்தியும் வந்திருந்தன. விண்வெளியில் நெடுந்தூரம் வந்த அலைக்கு அதுதான் அடையாளம். வழியில் சிதறிக் கிடக்கும் எலெக்ட்ரான்கள் தாழ்ந்த அதிர்வெண்ணை அதிகம் தாமதப்படுத்தும். பிந்திய அளவைப் பார்த்தால், அது நம்முடைய பால்வெளி மண்டலத்துக்கு வெகு வெளியிலிருந்து கிளம்பியிருக்க வேண்டும்.

பிறகு சிக்கல் வந்தது. 2011-ல், அதே பார்க்ஸ் தரவுகளில் ஏறக்குறைய அதே சாயலில் 16 சமிக்ஞைகள் இருப்பதைச் சாரா பர்க்-ஸ்போலோர் குழுவினர் வெளியிட்டார்கள். 1998-லிருந்தே அவை வந்துகொண்டிருந்தன. அவற்றிலும் அதிர்வெண் படிப்படியாகப் பிந்தியது. ஆனால் அவை தொலைநோக்கியின் 13 கண்களிலும் ஒரே சமயத்தில் விழுந்திருந்தன. வானத்தின் ஒரு புள்ளியிலிருந்து வருவது அப்படி எல்லாக் கண்ணிலும் விழாது. ஆகவே இவை பூமியைச் சேர்ந்தவை. எங்கிருந்து என்றுதான் தெரியவில்லை. எழுத்தாளர் போர்ஹேயின் புனைவு விலங்குகளில் ஒன்றின் பெயரால் அவற்றைப் பெரிட்டான்கள் என்று அழைத்தார்கள். மானின் உடலும் பறவையின் சிறகும் கொண்ட அந்த விலங்குக்கு மனிதனின் நிழல் விழும். பெயர் வைத்தவர்களுக்கு ஏதோ உள்ளுணர்வு இருந்திருக்கிறது.

இதன் விளைவை நினைத்துப் பார்க்க வேண்டும். பூமியிலிருந்தே இப்படியொரு போலி வருகிறது என்றால், லோரிமர் கண்ட வெடிப்பும் போலிதானோ? ஒரு புதிய வானியல் நிகழ்வே சந்தேகத்தின் கீழ் வந்துவிட்டது.

தடயம் நேரத்தில் இருந்தது. பெரிட்டான்கள் பகலில் வந்தன, அலுவலக நேரத்தில் வந்தன, நண்பகலை ஒட்டி அதிகம் வந்தன. பழுது பார்க்கிறவர்களுக்கு இது நல்ல பாடம். மணி பார்த்து வரும் கோளாறுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு மனிதர் இருப்பார். வேல்ஸில் அபர்ஹோசன் என்ற கிராமத்தில் தினமும் காலை 7 மணிக்கு ஊர் முழுவதும் இணையம் தளர்ந்துபோகும். 18 மாதங்கள் காரணம் புரியவில்லை. கேபிளை மாற்றியும் தீரவில்லை. 2020-ல் பொறியாளர்கள் அளவி ஒன்றை ஏந்திக்கொண்டு, விடிவதற்கு முன் மழையில் தெருத்தெருவாக நடந்து, ஒரு வீட்டின் பழைய டி.வி.யில் போய் முடித்தார்கள். அந்த வீட்டுக்காரர் எழுந்து 7 மணிக்கு டி.வி. போடுவார். அந்த டி.வி. வெளியே சிதறவிட்ட மின் இரைச்சல் ஊரின் இணையக் கம்பிகளை அடித்துக்கொண்டிருந்தது. விஷயம் தெரிந்ததும் வீட்டுக்காரர் வருந்தி, உடனே அதை நிறுத்திவிட்டார்.

பார்க்ஸில் குறுக்கீடுகளைப் பதிவுசெய்ய ஒரு புதிய கருவி நிறுவப்பட்டது. 2015 ஜனவரியில் ஒரே வாரத்தில் மூன்று பெரிட்டான்கள் வந்தன. அதே நொடிகளில் 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டி வலுவான ஒரு சமிக்ஞை இருந்ததைப் புதிய கருவி காட்டியது. அது மைக்ரோவேவ் அடுப்பின் அதிர்வெண். தொலைநோக்கி கேட்டுக்கொண்டிருந்ததோ 1.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம். அப்போது ஆராய்ச்சி மாணவியாக இருந்த எமிலி பெட்ராஃபும் மற்றவர்களும் அந்த வளாகத்தின் அடுப்புகளைச் சோதித்தார்கள். அடுப்பை ஓடவிட்டு, நேரம் முடிந்து தானாக நிற்கும்வரை காத்திருந்தார்கள். எதுவும் வரவில்லை. இங்கே பலர் அடுப்பு குற்றமற்றது என்று எழுதி முடித்திருப்பார்கள். இவர்கள் முடிக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து நிறுத்தினார்கள். தொலைநோக்கி ஏற்ற கோணத்தில் திரும்பியிருந்தபோது பெரிட்டான் வந்தது. உள்ளே அலையை உண்டாக்கும் மாக்னெட்ரான் அணைகிற அந்தச் சிறு கணத்தில் கக்கும் அலை, திறந்த கதவு வழியாகத் தப்பித்துப் போய்க்கொண்டிருந்தது.

அதாவது, பசி எடுத்த யாரோ ஒருவர், மணி அடிக்கும்வரை பொறுக்காமல் கதவைத் திறந்தார். பதினேழு வருடங்களாக, அவ்வப்போது.

செய்தி வெளியானபோது உலகம் சிரித்தது. தலைப்புகளே சிரித்தன. எனக்கு அந்தச் சமையலறையின் மேல் ஒரு வாஞ்சைதான் உண்டானது. வானத்தின் மிக மெல்லிய ஓசையைக் கேட்பதற்காக ஊரை விட்டு ஒதுங்கிப் போய் உட்கார்ந்தவர்கள். எல்லாக் குறுக்கீட்டையும் விலக்கினார்கள். சாப்பாட்டைச் சூடு பண்ணுகிற தங்களை மட்டும் விலக்க முடியவில்லை. கதவின் ரகசியம் தெரிந்ததும் லோரிமரின் வெடிப்புக்கு விடுதலை கிடைத்தது. போலி எது, எப்படி உண்டாகிறது என்று தெரிந்துவிட்டதால் அசல் எது என்று பிரிக்க முடிந்தது. 2017-ல் அத்தகைய வெடிப்பொன்று வெகுதூரத்துச் சிறு விண்மீன் மண்டலமொன்றிலிருந்து வருவது உறுதியானது. அடுப்பைக் கண்டுபிடித்ததுதான் வானத்தை மீட்டுக்கொடுத்தது என்பேன்.

ஹப்பிள் தொலைநோக்கியின் கதை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான், மேலோட்டமாக. 1990 ஏப்ரல் 24 அன்று ஏவப்பட்டது. படங்கள் மங்கலாக வந்தன. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்க் கண்ணாடி மாட்டிவிட்டு வந்தார்கள். நான் நிற்க விரும்புவது இடையில் உள்ள விசாரணையில். ஹப்பிளின் முதன்மை ஆடி 2.4 மீட்டர் அகலம். அதன் விளிம்பு, இருக்க வேண்டியதைவிடச் சுமார் 2 மைக்ரான் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு. தேய்த்தவர்களின் கைத்திறனில் குறையே இல்லை. அவ்வளவு வழவழப்பான பெரிய ஆடி அதுவரை செய்யப்பட்டதில்லை. அவர்களுக்கு வழிகாட்டிய அளவுக் கருவிதான் தவறியிருந்தது.

அந்த அளவுக் கருவிக்குள் ஒரு வில்லையைக் குறிப்பிட்ட தூரத்தில் வைக்க வேண்டும். தூரத்தை அளக்க ஒரு உலோகக் கோல். கோலின் முனையில் பட்டு ஒளி திரும்ப வேண்டும். முனைக்கு மேல் ஒரு மூடி, நடுவில் சிறு துளையுடன். ஒளி துளை வழியாக மட்டும் போகட்டும் என்று மூடியின் மேல் ஒளி திருப்பாத பூச்சு. அந்தப் பூச்சு ஓரிடத்தில் பெயர்ந்திருந்தது. ஒளி கோலின் முனைக்குப் போகாமல் மூடியிலேயே பட்டுத் திரும்பியது. 1.3 மில்லிமீட்டர் பிசகு. வில்லையை அந்த அளவுக்குக் கீழிறக்க அமைப்பில் இடம் போதவில்லை. போதவில்லை என்பதே ஒரு எச்சரிக்கை. அங்கே சாதாரண வாஷர்களைச் செருகிச் சரிக்கட்டினார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. என்னைத் தூங்கவிடாதது அதுதான். வேறு இரண்டு சோதனைகள் ஆடியில் பிழை இருப்பதைக் காட்டின. அந்தக் கருவிகள் இதைவிடத் துல்லியம் குறைந்தவை என்பதால் அவற்றின் சாட்சி ஒதுக்கப்பட்டது. மிகத் துல்லியமான கருவி சொல்வதை மட்டும் கேட்டார்கள். துல்லியம் வேறு, சரி வேறு என்பதைக் கருவி வேலைக்கு வருகிறவர்களுக்கு நாங்கள் கற்றுக்கொடுப்போம். கற்றுக்கொடுத்துவிட்டு நாங்களும் மறப்போம். பணமும் நாளும் நெருக்கும்போது இரண்டு சாட்சிகள் ஒன்றாகச் சொன்னாலும் காது அடைத்துவிடுகிறது. ஆகவே பெயர்ந்த பூச்சுதான் காரணம் என்று முடிப்பது எனக்குப் போதவில்லை. பூச்சு பெயர்வது எங்கும் நடக்கும். ஒரே கருவி தன் சொல்லுக்குத் தானே சாட்சியாக நின்றதும், அதை மறுத்தவை தள்ளி வைக்கப்பட்டதும்தான் பிழையை வானத்துக்கு அனுப்பின.

விசாரணைக் குழு போனபோது அந்த அளவுக் கருவி, ஆடியைத் தேய்த்த காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே, கலைக்கப்படாமல் இருந்தது. யாரும் தொடவில்லை. அதனால் பிசகு எவ்வளவு என்று அளக்க முடிந்தது. ஆடி தவறான வடிவத்துக்கு மிகச் சரியாகத் தேய்க்கப்பட்டிருந்ததால், அந்தத் தவறுக்கு நேர் எதிரான வளைவை நாணயம் போன்ற சிறு ஆடிகளில் செய்து சேர்க்க முடிந்தது. பழுதடைந்த ஒன்றை அவசரப்பட்டுக் கலைக்காதே என்று அண்ணாச்சி சொல்வார். கழற்றும் முன் பார், கழற்றியதை வரிசையாக வை, தூசியைக்கூட உடனே ஊதாதே. செத்த எறும்பு கிடந்தால் அதுவும் சாட்சி. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. சுவிட்சின் இரண்டு செம்புகளுக்கு நடுவே நசுங்கிய எறும்புகள் சேர்ந்து, மோட்டார் ஓடாமல் போனதை எத்தனையோ தோட்டங்களில் பார்த்திருக்கிறோம்.

கருவியே ஏமாற்றிய கதை இன்னொன்றும் உண்டு. 2011 செப்டம்பரில், நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட வேகமாக வந்து சேர்ந்ததாக ஓப்பெரா என்ற இயற்பியல் ஆய்வுக் குழு அறிவித்தது. ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கடியில் உள்ள ஆய்வகம்வரை 730 கிலோமீட்டர். ஒளி வர வேண்டிய நேரத்துக்கு 60 நானோசெகண்ட் முன்னால். மாதக்கணக்கில் சரிபார்த்தும் பிழை அகப்படாததால், நீங்களும் தேடிப் பாருங்கள் என்று உலகத்தின் முன் வைத்தார்கள். 2012 பிப்ரவரியில் தெரிந்தது: ஜி.பி.எஸ். நேரத்தைக் கொண்டுவரும் ஒளியிழை கேபிளின் முனை முழுதாகத் திருகப்படவில்லை. தளர்ந்த முனை வழியே குறைந்த ஒளியே போனது. குறைந்த ஒளியால் அந்தப் பக்கத்துச் சுற்று விழித்துக்கொள்ளச் சற்று அதிக நேரம் ஆனது. அந்தச் சற்று நேரம்தான் ஐன்ஸ்டீனைத் தோற்கடித்ததுபோலத் தெரிந்தது. மார்ச் மாதம் குழுவின் தலைமையில் இருந்த அந்தோனியோ எரெடிட்டாட்டோ பதவி விலகினார். எனக்கு அதில் வருத்தம் உண்டு. தங்கள் மீட்டர் முனைகளை முட்டிப் பார்த்துத் தரும்படி அத்தனை பேரிடமும் கேட்டவர்கள் அவர்கள்.

அவமானம் என்ற விஷயத்தைப் பேசாமல் இதைப் பேச முடியாது. எளிய காரணங்கள் நீண்ட நாள் ஒளிந்திருப்பதற்கு வெட்கமும் இடம் கொடுக்கிறது. ப்ளக் மாட்டியிருக்கிறதா என்று ஒரு மேலதிகாரியிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் அவரைக் குறைத்துப் பேசியதாகும். கேட்கப்பட்டவரும் பார்க்காமலே "மாட்டியிருக்கு" என்பார். அண்ணாச்சிக்கு இதற்கு ஒரு வழி இருந்தது. வீட்டிலிருந்து, டி.வி. ஓடவில்லை என்று சொல்ல வந்த பையனிடம், "ப்ளக்க உருவி, அதோட கால துணியால நல்லாத் தொடச்சிட்டு, மறுபடி அழுத்திச் சொருகச் சொல்லு. அப்பவும் வரலன்னா நான் வாரேன்" என்பார். துடைப்பதற்காக உருவுகிறவர், ப்ளக் பாதிதான் செருகியிருந்ததைத் தானே பார்த்துக்கொள்வார். யாருக்கும் தலைகுனிவு இல்லை. பாதிப் பையன்கள் திரும்பி வருவதில்லை. அந்தப் பாதிக்கு அவர் காசு வாங்கியதும் இல்லை. தொழில் நுணுக்கங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

கருவியைச் சந்தேகிப்பதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் நியூஜெர்சியின் ஹோம்டெல்லில் பெல் ஆய்வகத்துக்கு ஊதுகுழல் வடிவில் பெரிய ஆன்டெனா ஒன்று இருந்தது. எக்கோ செயற்கைக்கோளுக்காகச் செய்தது. 1961-ல் அதைக்கொண்டு அளந்த எட்வர்ட் ஓம் என்ற பொறியாளருக்கு, கணக்கைவிட ஏறக்குறைய 3 டிகிரி அதிக வெப்ப இரைச்சல் கிடைத்தது. அளவீட்டின் பிழை எல்லைக்குள் அதை அடக்கிவிட்டு அவர் தன் வேலையைப் பார்த்தார். அவர்மேல் குற்றம் இல்லை. அவருடைய கருவியை ஒப்பிட்டுப் பார்க்க உறுதியான ஒரு துணை அவரிடம் இல்லை.

1964-ல் ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் அதே ஆன்டெனாவை எடுத்துக்கொண்டபோது, முதலில் செய்தது அந்தத் துணையை உண்டாக்கியதுதான். திரவ ஹீலியத்தில் அமிழ்த்திய ஒரு குளிர்ச் சுமை. அதன் வெப்பநிலை எவ்வளவு என்று திட்டமாகத் தெரியும். ஆன்டெனாவை ஒரு கணம், அதை ஒரு கணம் என்று மாற்றி மாற்றிக் கேட்டு ஒப்பிட்டார்கள். முனைகளை முட்டிப் பார்ப்பது இதுதான். இரைச்சல் அப்போதும் இருந்தது. நியூயார்க் நகரத்தை நோக்கித் திருப்பினார்கள், கூடவில்லை. வானத்தின் எந்தத் திசைக்குத் திருப்பினாலும் குறையவில்லை. மாதங்கள் கடந்து பருவம் மாறியும் அது மாறவில்லை. குழலுக்குள் ஒரு ஜோடிப் புறா குடியிருந்தது. உட்சுவரில் எச்சம் படிந்திருந்தது. புறாக்களைப் பிடித்துத் தொலைவுக்கு அனுப்பினார்கள். அவை திரும்பி வந்துவிட்டன. கடைசியில் அவற்றைக் கொல்ல வேண்டியதாயிற்று. எச்சத்தைச் சுரண்டிக் கழுவினார்கள். தகடுகளின் இணைப்புகள் மேல் அலுமினிய நாடா ஒட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் துளி துளியாகக் குறைந்ததே தவிர, இரைச்சல் போகவில்லை. 3.5 டிகிரி.

இரண்டு பெரிய விஞ்ஞானிகள் குழலுக்குள் ஏறி எச்சம் சுரண்டுகிற அந்தக் காட்சியை நான் மனதில் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். தங்கள் கருவியில் குறை இருக்கிறது என்று ஏறக்குறைய ஒரு வருடம் அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் எல்லாவற்றையும் துடைத்தார்கள். துடைக்கத் துடைக்க மிஞ்சி நின்றது, பிரபஞ்சம் பிறந்த சூட்டின் ஆறிய மிச்சம். 1965-ல் வெளியிட்டார்கள், 1978-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஓம் கேட்டதும் அதே ஓசைதான். கேட்டதை நம்புவதற்கான உரிமை புறா எச்சத்தைச் சுரண்டியவர்களுக்கு வந்தது.

மருத்துவக் கருவி வேலையில் இருந்தபோது, புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் வாரம் முழுக்க ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிக்கொடுப்பேன். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது என்று மானிட்டர் அலறினால், நோயாளியைப் பார்க்கும் வேலை நர்ஸுடையது. அவர் பார்த்து, நோயாளி நன்றாக இருக்கிறார் என்று சொன்ன பிறகு உங்கள் முதல் வேலை, அந்த விரல் கிளிப்பை உங்கள் சொந்த விரலில் மாட்டுவது. மானிட்டரைத் திறப்பது பிறகு. சில பையன்கள் கேட்டார்கள்: என் விரலிலும் தவறாகக் காட்டினால்? கிளிப்பை மாற்று. மாற்றியும் காட்டினால்? இன்னொருவர் விரலில் மாட்டு. ஏன், என் விரலில் என்ன? அந்தக் கேள்வியைக் கேட்ட பையனின் கை சில்லிட்டுப்போயிருந்தது. ஏ.சி. அறையில் நெடுநேரம் நின்ற கை. விரலில் ரத்த ஓட்டம் குறைந்தால் கிளிப்புக்கு எதுவும் தெரியாது.

அண்ணாச்சியைக் கடைசியாகப் பார்த்தது நாலைந்து வருடங்களுக்கு முன். கடையை எப்போதோ மூடிவிட்டார். வயது எண்பதை நெருங்கியிருந்தது. மகன் வீட்டில், சுவரில் பெரிய எல்.இ.டி. டி.வி. நான் போனபோது செய்தி ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் சரியாக இல்லை என்று ஒரு வாரமாகச் சொல்கிறாராம். இந்த மெல்லிசு டி.வி.யில் ஸ்பீக்கர் இப்படித்தான் இருக்கும், தனியாக ஒன்று வாங்கிவிடலாம் என்று மகன் என்னிடம் சொன்னான். பின்பக்கம் கழற்றிப் பார்க்கவா என்று நானும் எழுந்தேன்.

அண்ணாச்சி கையமர்த்தினார். வலது கையை வலது காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் ஒன்றோடொன்று தேய்த்தார். ஊதுபத்திச் சாம்பலை உதிர்ப்பதுபோல. கொஞ்ச நேரம் தேய்த்தார். பிறகு இடது கையால் இடது காதுக்குப் பக்கத்தில். முகத்தில் எதுவும் மாறவில்லை. மறுபடியும் வலது.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒனக்குக் கேக்குதா தம்பி?"

"நல்லாக் கேக்குது அண்ணாச்சி" என்றேன், கொஞ்சம் உரக்க.

தலையை ஆட்டிக்கொண்டு ரிமோட்டைக் கீழே வைத்தார்.